இட்சுகோ ஊற்றிய ஆயில்

ஆயில் டேங்கின் மூடியைத் திருகி எடுத்துவிட்டு, கனாயே டார்ச்சை உள்ளே அடித்தாள். அடித்தகடு மினுங்கியது. ஒரு சொட்டு இல்லை.

"காலி மாமா."

"நான் சொல்லலை?" என்றார் ஹொட்சுமி. துக்கத்துக்கு உடுத்திய கறுப்புக் கோட்டின் மேல் தன் டோஃபுக் கடையின் ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளுக்கு அந்தப்பக்கம் குந்தியிருந்தார். "உங்கப்பா சொன்னது சரிதான். ஆயிலை இறக்கி வச்சிட்டுத்தான் போயிருக்கா உங்கம்மா."

ஷெட்டின் தகரக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. தென்ரியு ஆற்றைத் தாண்டி வரும் வறண்ட காற்று. ஹமமட்சு ஊர்க்காரர்கள் டிசம்பர் முழுக்கத் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பது அதனால்தான். அன்று அதில் வீட்டிலிருந்து ஊதுவத்தி வாசமும் கலந்து வந்தது. நடு அறையில், கோரைப்பாய் விரித்த தரையின்மேல், பலகைப் பெட்டிக்குள் வெள்ளை உடுத்தி அம்மா இட்சுகோ படுத்திருந்தாள். பதினொரு மணிக்குக் கோயிலிலிருந்து துறவி வருவார். நண்பகலில் வண்டி வரும். மறுநாளிலிருந்து எரியூட்டு மண்டபத்துக்குப் புத்தாண்டு விடுமுறை என்பதால் எதையும் தள்ளிப்போட வழியில்லை.

அம்மாவை ஏற்றிப் போகும் வண்டிக்குப் பின்னால் அம்மாவின் மோட்டார் சைக்கிளை ஓட்டிப் போக வேண்டும். கனாயே கேட்டது அவ்வளவுதான். அப்பா மசானோரி மறுக்கவில்லை.

"ஓட்டிக்கோ. ஆனா திரும்ப வீட்டுக்குக் கொண்டு வராதே. அங்கேயே ஹொட்சுமி லாரில ஏத்திடு."

ஹொட்சுமியிடம் முன்தினமே போனில் பேசி முடித்திருந்தார். விலை எதுவும் வேண்டாம், இன்றே கொண்டு போய்விட வேண்டும். அவருடைய சின்ன லாரி பின்தட்டில் கயிறுகளோடு வாசலில் நின்றிருந்தது.

"ஏம்ப்பா இவ்வளவு அவசரம்?" என்று காலையில் கனாயே கேட்டாள்.

அவர் அம்மாவின் தலைமாட்டில் ஊதுவத்தி அணையாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அணையப்போன குச்சியிலிருந்து அடுத்ததைப் பற்றவைத்தார். பிறகு ஊதுவத்தியிடமே பேசுவது போலச் சொன்னார்.

"ஜூன்ல, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள். நல்ல மழை. ஷெட்டுல உக்காந்து ஆயிலை இறக்கிட்டு இருந்தா. நான் கதவுகிட்ட நின்னு பாத்தேன். வீட்டைக் காலி பண்றவங்க போறப்ப ஒரு தடவை துடைப்பாங்கல்ல, அப்படி இருந்துச்சு. சரி, இவளுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். அப்படியே திரும்பி வந்துட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் நான் போகலை."

அதற்குப் பிறகு அறுபது எழுபது தடவையாவது அவர் பேருந்து ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். ஒவ்வொரு தடவையும் இட்சுகோ, "புது வருஷத்துக்கு வீட்டுல இருப்பேன்" என்பாள். அவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைக் கனாயே பார்த்திருக்கிறாள். பொய் என்று தெரிந்த ஒன்றை, சொல்பவர் முகத்துக்காக ஏற்றுக்கொள்கிறவரின் தலையாட்டல். நாகோயா நகரத்திலிருந்து வாரக் கடைசிகளில் வரும் கனாயேயும் அப்படித்தான் தலையாட்டினாள்.

ஷெட்டுக்குள் வெளிச்சம் மறைந்தது. பல் டாக்டர் கட்சுமாதா வாசலில் நின்று மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் இடுப்பை வளைத்து வணங்கினார். கையில் ஒரு ஆயில் டின். அதைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாய்த் துக்கக் கயிறு கட்டியிருந்தது.

"மொய்க் கவரை உள்ள குடுத்துட்டேன்," என்றார். "இது வண்டிக்கு."

"ஆயில் கனம் என்ன நம்பர்?" என்றார் ஹொட்சுமி, வணக்கம்கூடச் சொல்லாமல்.

"முப்பது."

"நான் ஐம்பது கொண்டாந்திருக்கேன்."

"இந்தக் குளிருக்கு ஐம்பதா? அது ஆயில் இல்லை ஹொட்சுமி, கோந்து. பம்ப் அதை இழுக்கறதுக்குள்ள பொண்ணு மயானத்துக்குப் போய்ச் சேந்துருவா, இன்ஜினும் கூடவே போய்ச் சேந்துரும்."

"எழுபது வருஷத்து இன்ஜின், பல்லு டாக்டரே. உள்ள இருக்கற இடுக்கெல்லாம் உங்க பேஷண்ட் பல்லு மாதிரி அகண்டு கிடக்கு. தண்ணியா ஊத்தினா நிக்குமா?"

"என் பேஷண்ட் பல்லுக்கு என்ன? நீ உன் வாயைத் திறந்து காட்டு முதல்ல."

கனாயேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா செத்த மூன்றாம் நாள் சிரிக்கலாமா என்று தெரியாமல் டேங்க் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இதே ஷெட்டில் இவர்கள் இப்படிச் சண்டை போடுவார்கள். நடுவில் முக்காலியில் உட்கார்ந்து அம்மா மிக்கான் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஓய்ந்த பிறகு ஒரு வார்த்தை சொல்வாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இட்சுகோ பள்ளிக்கூடங்களுக்குச் சமைத்து அனுப்பும் பொதுச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவள். படகு அளவு அண்டாக்களில் எண்ணெய் காய்வதைப் பார்த்துப் பார்த்து, எந்த எண்ணெய் எந்தச் சூட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவள் மூக்குக்கும் விரலுக்கும் தெரிந்திருந்தது. அந்த மோட்டார் சைக்கிளை அவள் கண்டுபிடித்தது ஒரு மிக்கான் தோட்டத்தில். மூட்டை ஆரஞ்சு வாங்கப் போன இடத்தில், சக்கரம் இரண்டும் இல்லாமல், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது அது. ஊரில் சந்துக்கொரு கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்த காலத்தில் பிறந்த வண்டி. செய்த கம்பெனி நாலைந்து வருஷத்தில் மூடிப்போனது. பெயர்ப் பலகையைக்கூடப் பார்த்தவர்கள் இல்லை. இட்சுகோ ஆரஞ்சு மூட்டையை மறந்துவிட்டு, அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிணற்றடியில் நின்றாளாம். மறுநாளே சமையற்கூடத்து வேனோடு போய் ஏற்றி வந்துவிட்டாள்.

ஒரு பிறந்தநாளுக்கு டாக்டர் அவளுக்கு உசத்தியான புதுக் கார் ஆயில் ஒரு டின் பரிசளித்தார். வெளிநாட்டுச் சரக்கு. அவள் ரொம்ப நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, மாடிப்படிக் கதவுக் கீலுக்கும் மசானோரியின் சைக்கிள் செயினுக்கும் ஊற்றினாள். டாக்டருக்கு முகம் தொங்கிப்போனது.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். இது ரொம்ப நல்லா கழுவும். அதான் பயம்," என்றாளாம். "இன்ஜினுக்குள்ள படிஞ்சிருக்கற கசடெல்லாம் எழுபது வருஷமா ஒரு ஓரமா உக்காந்திருக்கு. அதை எழுப்பி விட்டா எங்க போகும்? வடிகட்டியே இல்லாத இன்ஜின். நேரா ஆயில் துவாரத்துல போய் அடைச்சுக்கும். உக்காந்திருக்கறவங்க உக்காந்திருக்கட்டும்."

அதனால் அவளிடம் இரண்டே வகைதான். சேர்மானம் எதுவும் இல்லாத பழைய மாதிரி ஆயிலில், கோடைக்குக் கெட்டியான ஐம்பது, குளிருக்கு இளக்கமான முப்பது. ஆற்றங்கரையில் சிவப்பு லில்லி பூக்கும் வாரத்தில் முப்பதுக்கு மாறுவாள். செர்ரி உதிர்ந்து முடிந்ததும் ஐம்பது. காலண்டரைப் பார்க்க மாட்டாள். ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, வாசலில் நின்று காற்றைக் கொஞ்சம் பார்ப்பாள். அவ்வளவுதான். அந்த இன்ஜின் ஒரு நாளும் அவளை நடுரோட்டில் நிறுத்தியதில்லை.

"சரி, முப்பதையே ஊத்துவோம். இன்னைக்கு உங்க துக்க முகத்துக்காக விட்டுக் குடுக்கறேன்," என்று ஹொட்சுமி எழுந்து புனலைத் தேடினார்.

டாக்டர் துக்கக் கயிற்றை அவிழ்த்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டார். டின்னைத் திறந்து டேங்கின் வாயருகே கொண்டு வந்தவர், அப்படியே நின்றார்.

"ஹொட்சுமி. உன் பேண்ட் கதை ஞாபகம் இருக்கா?"

"அதை ஏன் இப்போ இழுக்கறீங்க?"

"நாலு மாசம் வண்டியை நிறுத்தி வச்சிட்டு, டேங்க் காலியா இருக்குன்னு நீ ரொப்பினியே. ஆயில் எங்கயும் போகலை, மேல இருந்து கசிஞ்சு இன்ஜினோட அடிவயித்துல இறங்கி நின்னுச்சு. நீ மேலயும் ஊத்தி, கிளப்பினதும் கடைத்தெரு பூரா கொசு மருந்து அடிச்ச மாதிரிப் புகை. குபுக்குனு பிச்சுக்கிட்டு வந்து உன் வெள்ளைப் பேண்ட்டு..."

"இது வேற. இது இறக்கினது. மசானோரி கண்ணால பாத்திருக்காரு."

கனாயே கையிலிருந்த மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா இறக்கினதைத்தான் பாத்தாரு மாமா. அதுக்கப்புறம் உள்ள போயிட்டாரே. திரும்ப ஊத்தினாங்களா இல்லையான்னு யாரு பாத்தது?"

டாக்டர் டின்னைக் கீழே வைத்தார். ஹொட்சுமி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தரையில் முதுகு பட மல்லாந்தார்.

"பாத்திரம் கொண்டாம்மா. சுத்தமானதா."

கனாயே சமையலறைக்கு ஓடினாள். அங்கே எதிர்வீட்டு ஷிகேயோ தலைமையில் தெருப் பெண்கள் துக்கச் சாப்பாட்டுக்கு வேர்க்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கைக்குக் கிடைத்த பெரிய எவர்சில்வர் சட்டியை எடுத்ததும் ஷிகேயோ கத்தியோடு திரும்பினாள்.

"ஏய், அது நூடுல்ஸ் அலசற சட்டி. எங்க கொண்டு போறே?"

"வண்டிக்கு அத்தை."

"உங்கம்மாவும் இப்படித்தான். என் வீட்டு ஆவியில வேக வைக்கற பாத்திரத்தை வாங்கிட்டுப் போய், பேரிங்கைப் போட்டு வேக வச்சவதானே அவ," என்றாள் ஷிகேயோ. சொல்லிவிட்டு, ஏப்ரன் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிழங்கின் பக்கம் திரும்பினாள்.

இன்ஜினின் அடியிலிருந்த நட்டு கடைசிச் சுற்றில் கழன்றது. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. தடித்த நூலாக, சத்தமில்லாமல், நிற்காமல். எவர்சில்வர் சட்டியின் அடியில் விழுந்து பரவியது. வாசல் வழியே வந்த குளிர்கால வெயில் அதன்மேல் விழுந்தபோது, ஹொட்சுமி கையை எடுக்காமல் அப்படியே படுத்திருந்தார். கை வழியே ஆயில் சட்டைக்குள் போனது.

கறுப்பாக இல்லை. வறுத்த பார்லி போட்டுக் கொதிக்கவைத்த தேநீரை முதல் கொதியில் இறக்கினால் வரும் நிறம். சட்டியின் அடியிலிருந்த கம்பெனி முத்திரை ஆயிலுக்குள்ளே தெளிவாகத் தெரிந்தது.

"இன்ஜின்ல ஓடவே இல்லை இந்த ஆயில்," என்றார் டாக்டர். "இறக்கிட்டு, புதுசா ஊத்தி வச்சிருக்கா."

ஹொட்சுமி எழுந்து உட்கார்ந்தார். ஆயில் பட்ட விரல்களைத் தேய்த்தார். இன்னொரு தடவை தேய்த்தார். முகம் மாறியது.

"டாக்டர். இது ஐம்பது இல்லை."

"ஜூன்ல ஊத்தினது ஐம்பதாத்தானே இருக்கும்?"

"அதான் சொல்றேன். இல்லை."

நம்பாமல் டாக்டரும் தேய்த்தார். பிறகு இரண்டு பேரும் ஷெட்டு மூலையிலிருந்து குளியலறைக்கு ஒட்டி மிஞ்சிய வெள்ளை டைல்ஸ் ஒன்றை எடுத்துத் துடைத்தார்கள். மேல் விளிம்பில் மூன்று சொட்டு வைத்தார்கள். இடப்பக்கம் டாக்டரின் முப்பது. வலப்பக்கம் ஹொட்சுமியின் ஐம்பது. நடுவில் சட்டியில் இருந்தது. டாக்டர், பல் அச்சு எடுக்கிறவரின் கவனத்தோடு, டைல்ஸை மெல்லச் சாய்த்தார்.

வலப்பக்கச் சொட்டு அசைந்து, யோசித்து, கொஞ்சம் நீண்டது. மற்ற இரண்டும் கிளம்பின. ஒன்றையொன்று முந்தாமல், தோளோடு தோளாக இறங்கி, டைல்ஸின் கீழ் விளிம்பில் சேர்ந்தே தொங்கின.

"மறந்தாப்ல ஊத்தியிருப்பாளோ?" என்றார் டாக்டர். அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை. "உடம்பு முடியாத நேரம்."

"இட்சுகோவா?" ஹொட்சுமி எழுந்து அலமாரியைக் காட்டினார். "பாருங்க. ஐம்பது டின் இடுப்பு உசரத்துல, கைக்கு எட்டற இடத்துல, சீல்கூட உடைக்காம இருக்கு. முப்பது மேல் தட்டுல இருக்கு. அப்போ அவளுக்குக் கையைத் தூக்கவே முடியாது. முக்காலி போட்டு ஏறித்தான் எடுத்திருக்கணும்."

முக்காலி அலமாரிக்குக் கீழேயே கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"துறவி வந்துட்டாரு," என்று வாசலில் இருந்து அப்பாவின் குரல் கேட்டது.

எப்போதிலிருந்து நிற்கிறார் என்று கனாயேவுக்குத் தெரியவில்லை. கறுப்புக் கோட்டில் அவர் இன்னும் மெலிந்து தெரிந்தார். ஷெட்டின் வாசல் கட்டைக்கு வெளியே நின்றவர், ஒரு காலை உள்ளே வைத்தார். பிறகு மற்றொன்று. சட்டியின் அருகே வந்து குந்தினார். நாற்பது வருஷம் பியானோக் கம்பெனியில் கட்டைகளை இழைத்து, தாள் கன வித்தியாசத்தைத் தடவியே சொன்ன விரல்கள். மோட்டார் ஆயிலில் ஒருநாளும் கை வைக்காதவர், அதில் விரலை நனைத்துத் தேய்த்தார்.

"இது குளிர்காலத்துக்கா?"

"ஆமா," என்றார் ஹொட்சுமி.

"ஜூன் மாசத்துல ஊத்தினதா?"

"ஆமா மசானோரி."

அப்பா விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே துறவியின் சிறுமணி ஒரு தடவை ஒலித்து, அதன் ரீங்காரம் அடங்கும் வரைக்கும் தேய்த்தார்.

"புது வருஷத்துக்கு வந்துடுவேன்னு சொன்னா," என்றார். "ஒவ்வொரு தடவையும் சொன்னா."

எழுந்து, கையைத் துடைக்காமலே வீட்டுக்குள் போனார்.

சட்டியில் இருந்ததைத் திரும்ப டேங்கில் ஊற்ற வேண்டும். வடிகட்ட மெல்லிய துணி இல்லை. கனாயே கைப்பையிலிருந்து, கிழிந்தால் மாற்ற வைத்திருந்த மெல்லிய கறுப்பு நைலான் காலுறையைப் பிரித்துக் கொடுத்தாள். டாக்டர் அதைப் புனலின் வாயில் நீட்டிக் கட்டியபோது ஹொட்சுமி, "கழட்டத் தெரியற அளவுக்குக் கட்டத் தெரியலையே டாக்டர்" என்றார். கனாயே நிற்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர்கள் கொண்டு வந்த டின்கள் இரண்டும் அப்படியே இருந்தன. இட்சுகோ ஊற்றிய ஆயில் மட்டும், ஒரு சொட்டு சேர்க்காமல், காலுறை வழியே இறங்கியது.

சூத்திரம் ஓதி முடிந்தது. பெட்டிக்குள் பூக்கள் வைத்தார்கள். அமரர் ஊர்தியின் ஓட்டுநர் வெள்ளைக் கையுறையோடு கதவைச் சாத்தினார். கனாயே வாசலில் மோட்டார் சைக்கிளை நிமிர்த்தி, கிக்கரில் காலை வைத்தாள். இந்தக் குளிரில் அது கல்லை மிதிப்பது போல இருக்கும் என்று உடம்பு தன்னால் இறுகியது. கிக்கர் இலகுவாக இறங்கியது. இரண்டாம் மிதியில் ஒரு செருமல். மூன்றாவதில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. டாக்டர் குனிந்து, டேங்குக்குள் ஆயில் திரும்பி வந்து விழுகிறதா என்று பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ஊர்தி நீளமாக ஒரு ஹாரன் அடித்தது. தெருவே தலை குனிந்தது. அதன் பின்னால் அந்த ஒற்றை சிலிண்டர், நடந்து போகிறவரின் நிதானத்தில், டொக் டொக்கென்று கிளம்பியது. ஆற்றுப் பாலத்தின் மேல் காற்று பக்கவாட்டில் தள்ளியது. கனாயே கைப்பிடியை இறுக்கவில்லை. அம்மா ஓட்டும்போது இறுக்கியதில்லை. கால்களுக்கு நடுவே இன்ஜின் மெல்லச் சூடேறி, உறைந்திருந்த முட்டிகளை இளக்கியது.

எரியூட்டு மண்டபத்தில் இரும்புக் கதவு மூடியதும், காத்திருக்கச் சொல்லி மாடியறைக்கு அனுப்பினார்கள். தேநீரும் சாப்பாட்டுப் பெட்டிகளும் வந்தன. தெருக்காரர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஷிகேயோ இரண்டு தடவை கனாயேவின் பெட்டியில் தன் பங்கு முட்டையை எடுத்து வைத்தாள். சற்று நேரத்தில் அப்பாவின் இடம் காலியாக இருப்பதைக் கனாயே கவனித்தாள். பெட்டியில் ஒன்றும் தொடப்படவில்லை. அட்டை மூடியை மட்டும் காணோம்.

கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில், ஹொட்சுமி தன் சின்ன லாரியின் பின்தட்டைத் தாழ்த்திவிட்டு, கயிறை அவிழ்ப்பதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். அப்பா மோட்டார் சைக்கிளின் அருகே குந்தியிருந்தார்.

"பலகையைப் போடட்டுமா மசானோரி?"

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்த ஆயில் எதுவரைக்கும் தாங்கும்?"

"செர்ரி உதிர்ற வரைக்கும்."

"அப்புறம் கோடை ஆயிலா?"

"ஆமா. ஐம்பது."

"அது வீட்டுலயே ஒரு டின் இருக்குல்ல?"

ஹொட்சுமி பின்தட்டைத் தூக்கிச் சத்தம் வராமல் சாத்தினார். "இருக்கு. சீல் உடைக்காம இருக்கு."

கனாயே அப்பாவின் பக்கத்தில் குந்தினாள். பழைய இன்ஜின், சூடாகி ஓடி வந்து நின்றதில், அடி நட்டின் ஓரம் ஈரமாகியிருந்தது. அதற்கு நேர் கீழே, மண்டபத்தின் சுத்தமான சிமெண்டுத் தரையில், அப்பா சாப்பாட்டுப் பெட்டியின் வெள்ளை அட்டை மூடியை வைத்திருந்தார். மூடியில் ஏற்கனவே ஒரு சொட்டு விழுந்திருந்தது. அழுக்கில்லாத மஞ்சள்.

மாடிப்படியில் காலடி கேட்டது. சீருடை அணிந்த ஊழியர் ஒருவர் சற்றுத் தள்ளி நின்று, கைகளைத் தொடையோடு சேர்த்து வைத்துத் தலை குனிந்தார். "அஸ்தி தயாராகிவிட்டது. எலும்பு எடுக்கக் குடும்பத்தார் உள்ளே வரலாம்."

கனாயே எழுந்தாள். கொஞ்சம் பொறு என்பது போல அப்பா கையை லேசாக உயர்த்தினார். நட்டின் நுனியில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது. வெயில் அதற்குள் புகுந்து, இந்தப் பக்கம் வந்தது. அது கனத்து, நீண்டு, இன்னும் விழாமல் நின்றது.